வேலை மாறிய ஆண்டின் வருமான வரி: இரண்டு நிறுவனம், ஒரே கணக்கு

கேட்கப்பட்டிருப்பது சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரில் நிரந்தரவாசியான ஒருவர் 2025 ஆகஸ்ட் இறுதியில் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து விலகினார். முன்னறிவிப்புக் காலத்தில் மீதமிருந்த இரண்டு வாரத்துக்கு, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அதற்குரிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு அக்டோபரில் வேறு நிறுவனத்தில் சேர்ந்தார். இப்போது மார்ச் மாதத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக, வரி தாக்கல் செய்யும் மைடாக்ஸ் போர்ட்டலைத் திறந்தால், புதிய நிறுவனத்தின் மூன்று மாதச் சம்பளம் மட்டும் தெரிகிறது. வரி பூஜ்யம் என்று வருகிறது. பழைய நிறுவனத்திடமிருந்து எந்தப் படிவமும் வரவில்லை. அப்படியே விட்டுவிடலாமா, விடுப்புப் பணத்துக்கும் அந்த இரண்டு வாரப் பணத்துக்கும் வரி உண்டா என்பவை அவருடைய கேள்விகள். அவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: எம்பிளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் அவருடைய மைத்துனரும் இங்கேயே வேலை மாறுகிறார்; அவருடைய கடைசி மாதச் சம்பளத்தைப் பழைய நிறுவனம் நிறுத்தி வைத்திருக்கிறது, இது முறையா என்று கேட்கிறார்.

நான் இருபது ஆண்டுகளாக நிறுவனங்களின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதே கேள்விகள் என் மேசைக்கு வரும். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைக் களைந்துவிட வேண்டும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள், மாதாமாதம் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் முறைக்குப் பழகியவர்கள். அங்கே வேலை மாறினால் பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுப்போம். அவர்கள் இரண்டையும் கூட்டி, மீதி மாதங்களில் பிடித்தத்தைச் சரிசெய்துகொள்வார்கள். சிங்கப்பூரில் அந்த ஏற்பாடு கிடையாது. இங்கே சம்பளத்தில் பிடிப்பது ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கும், இந்தியச் சமூகத்துக்கான சிண்டா போன்ற சமூக நிதிக்கும்தான். வருமான வரிக்காக ஒரு காசும் பிடிப்பதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டில்தான் வரி மதிப்பிடப்படும். 2025இல் வாங்கிய சம்பளம் 2026 வரி மதிப்பீட்டு ஆண்டில் வரும். இரண்டு நிறுவனங்களும் தத்தம் பங்கை வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் தனித்தனியாகத் தெரிவிக்கும். ஒன்று என்ன தெரிவித்தது என்று மற்றதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று கவனிக்க வேண்டியவர் வேலை மாறியவர் மட்டுமே.

இனி போர்ட்டலில் ஏன் ஒன்று மட்டும் தெரிகிறது என்பதைப் பார்ப்போம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், ஊழியர்களின் வருமானத் தகவலை மின்னியல் முறையில் ஆணையத்துக்கு நேரடியாக அனுப்பும் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். மார்ச் 1ஆம் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பப்பட்ட தொகை நம் கணக்கில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அந்த நிறுவனங்கள் ஊழியருக்குக் காகிதப் படிவம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. தகவல் நேரே போய்விட்டதே என்பதால். ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருந்து, அந்தத் திட்டத்தில் தாமாகவும் சேராத நிறுவனங்கள் ஐ.ஆர்.8ஏ என்ற படிவத்தை நிரப்பி மார்ச் 1ஆம் தேதிக்குள் ஊழியரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை நாம்தான் கணக்கில் எழுதவேண்டும். இடையில் விலகிப் போனவருக்கும் இந்தக் கடமை அப்படியே பொருந்தும். ‘அவர் இப்போது எங்களிடம் வேலை பார்க்கவில்லையே’ என்று ஒரு எச்.ஆர். ஊழியர் தொலைபேசியில் சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை என்று பொருள்.

ஆகவே முதல் வேலை, பழைய நிறுவனம் எந்த வகை என்று தெரிந்துகொள்வது. ஆணையத்தின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரை இட்டு, அது அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் வசதி உண்டு. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பலர் நேராகத் தொகையைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். நிறுவனம் சில நாள் தாமதமாக அனுப்பிய தகவலும் பிறகு வந்து சேர, ஒரே சம்பளம் இரண்டு முறை ஏறிவிடுகிறது. திட்டத்தில் இருக்கும் நிறுவனம் என்றால் நாம் கை வைக்கக்கூடாது. தொகை இல்லாவிட்டாலும் தவறாக இருந்தாலும் நிறுவனத்திடம் சொல்லி, அவர்களையே அனுப்பவோ திருத்தவோ வைக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத நிறுவனம் என்றால்தான் நாமே எழுத வேண்டும்.

இங்கே நம்மவர்கள் இடையே அடிக்கடி நேரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வேலை அனுமதியில் இருந்தவர் நிரந்தரவாசி ஆனதும் அவருடைய அடையாள எண் மாறிவிடுகிறது. ‘எஃப்’ அல்லது ‘ஜி’ என்று தொடங்கிய எண் போய், நீல அட்டையின் எண் வருகிறது. சம்பளக் கணக்கு மென்பொருளில் பழைய எண்ணை மாற்ற மறந்த நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். தகவல் ஆணையத்துக்குப் போயிருக்கும். ஆனால் பழைய எண்ணின் பெயரில் போயிருக்கும். கேள்வி கேட்டவர் அண்மையில்தான் நிரந்தரவாசி ஆனவர் என்றால், நிறுவனத்திடம் கேட்கும்போது ‘அனுப்பினீர்களா?’ என்று மட்டும் கேட்கக்கூடாது, ‘எந்த எண்ணில் அனுப்பினீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும்.

வரி பூஜ்யம் என்று வருகிறதே, அப்படியே விட்டால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுவது நல்லது. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவர், நிரந்தரவாசியாகி மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டவர், ஆகவே மத்திய சேம நிதிக்கு முழு 20 விழுக்காடு கட்டுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய நிறுவனத்தில் மாதம் 5,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எட்டு மாதத்துக்கு 44,000. புதிய நிறுவனத்தில் மாதம் 6,800, மூன்று மாதத்துக்கு 20,400. மற்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுச் சம்பளத்தை மட்டும் பார்ப்போம். போர்ட்டலில் தெரியும் 20,400இல், சேம நிதிக்குப் போன 4,080ஐயும் உழைப்பு வருமானத்துக்கு எல்லோருக்கும் கிடைக்கும் 1,000 வெள்ளிக் கழிவையும் நீக்கினால் 15,320. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, எனவே பூஜ்யம். உண்மையில் அவருடைய மொத்த வருமானம் 64,400. சேம நிதிக்குப் போனது 12,880. அதையும் 1,000 கழிவையும் நீக்கினால் வரிக்குரியது 50,520. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடப்பில் உள்ள விகிதப்படி முதல் 40,000க்கு 550 வெள்ளி. மிச்சம் 10,520க்கு 7 விழுக்காடு, அதாவது 736 வெள்ளி 40 காசு. ஆக மொத்தம் 1,286 வெள்ளி 40 காசு. சில ஆண்டுகளில் அரசாங்கம் தள்ளுபடி தருவதுண்டு. 2025 மதிப்பீட்டு ஆண்டில் 60 விழுக்காடு, உச்சமாக 200 வெள்ளி தந்தார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பூஜ்யத்துக்கும் 1,286க்கும் இடையில் இருப்பது பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். ஆனால் குறைத்துக் காட்டிய கணக்குக்குக் கவனக்குறைவே காரணம் என்றாலும், விடுபட்ட வரியின் இரண்டு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வேண்டுமென்றே ஏய்த்ததாகத் தெரிந்தால் நான்கு மடங்கு வரை போகும். நிறுவனம் தகவல் அனுப்பவில்லை என்பது இதற்கு விடையாகாது. சரியான வருமானத்தைக் காட்டும் பொறுப்பு வரி செலுத்துகிறவருடையது என்பதில் ஆணையம் எப்போதும் உறுதியாகவே இருந்து வந்திருக்கிறது. அதே சமயம், தவறு நடந்துவிட்டது என்று நாமே முன்வந்து சொல்பவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள், அவர்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே நாமாகத் தெரிவித்தால் அபராதம் இல்லை. அதற்குப் பிறகு தெரிவித்தால், தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும் விடுபட்ட வரியில் 5 விழுக்காடு என்ற குறைந்த அளவில் முடித்துக்கொள்வார்கள். முந்தைய ஆண்டுகளில் வேலை மாறியபோது விட்டுப்போனது எதுவும் நினைவுக்கு வந்தால், அதைச் சொல்லிவிடுவதற்கும் இதுவே நேரம்.

பழைய நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால்? மூடிவிட்டுப் போன நிறுவனங்களும் உண்டு. அப்போதும் கணக்கைக் காலியாக விடக்கூடாது. வேலைச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயம் என்பதால், எட்டுச் சம்பளச் சீட்டு இருந்தால் போதும். அவையும் இல்லாவிட்டால் மத்திய சேம நிதிக் கணக்கே நல்ல சாட்சி. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவருக்கு ஊழியர் பங்கு 20, முதலாளி பங்கு 17, ஆகச் சம்பளத்தில் 37 விழுக்காடு அங்கே வரவு வைக்கப்படுகிறது. மாதம் 2,035 வெள்ளி வரவாகியிருந்தால், அதை 37ஆல் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள், 5,500 வரும். 2025இல் மாதச் சம்பளத்தில் 7,400 வெள்ளி வரைக்கும்தான் சேம நிதி கணக்கிடப்பட்டது என்பதால், அதைவிடக் கூடுதலாக வாங்கியவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். வங்கியில் வந்து விழுந்தது பிடித்தம் போன பிறகான தொகை, காட்ட வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய தொகை என்பதையும் மறக்கக்கூடாது. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

நாமே எழுதும்போது இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். நிறுவனம் நேரடியாக அனுப்பும்போது சேம நிதிக் கழிவும் கூடவே வந்துவிடும். சம்பளத்தை நாம் கையால் சேர்த்துவிட்டுக் கழிவுப் பகுதியைத் திறந்து பார்க்காமல் போனால், புதிய நிறுவனத்தின் 4,080 மட்டும் அங்கே நின்றிருக்கக்கூடும். பழைய நிறுவனம் வழியாகக் கட்டிய 8,800 விட்டுப்போயிருக்கும். நம் எடுத்துக்காட்டில் அதனால் வரி 1,286 வெள்ளியிலிருந்து 1,902 வெள்ளிக்குப் போய்விடும். நேர்மையாக நடந்ததற்காக 616 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை.

அடுத்து, விலகும்போது கிடைத்த பணம். கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஆகஸ்ட் சம்பளம், அதில் சந்தேகம் இல்லை. எடுக்காமல் மிச்சமிருந்த விடுப்புக்குக் கொடுத்த பணம் வரிக்குரியது. முன்னறிவிப்புக் காலத்துக்குப் பதிலாகக் கொடுத்த பணமும் வரிக்குரியதே. ‘வேலையே பார்க்கவில்லையே, அது எப்படிச் சம்பளம்?’ என்று கேட்கிறார்கள். வேலை ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய பணம் அது, ஆகவே வருமானம். நன்றிக்கடனாகவோ நீண்டகாலச் சேவைக்காகவோ தந்த தொகையும் அப்படியே. வரி இல்லாதது ஆட்குறைப்பில் வேலை இழந்ததற்கு ஈடாகத் தரப்படும் இழப்பீடு மட்டும்தான். வேலையை இழந்ததற்கான ஈடு என்பது சம்பாத்தியம் ஆகாது என்பது அதன் அடிப்படை. ஆட்குறைப்புக் கடிதத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதியிருந்தால், இன்னதற்கு இன்ன தொகை என்று பிரித்து எழுதித் தரும்படி அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அந்தக் கடிதத்தை எழுதியவரே அங்கே இருக்கமாட்டார்.

புதிய நிறுவனத்தின் பக்கமும் இரண்டு விஷயங்கள் உண்டு. சேரும்போது ஊக்கத்தொகை கொடுத்திருந்தால் அது வரிக்குரியது. முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் வருவதற்காகப் பழைய நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியிருந்த பணத்தைப் புதிய நிறுவனம் நம் சார்பில் கட்டியிருந்தால், அதுவும் நமக்கு வந்த வருமானமாகவே கொள்ளப்படும். பணம் நம் கைக்கே வரவில்லை என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

போனஸ் எந்த ஆண்டுக் கணக்கு என்பதும் வேலை மாறுகிறவர்களைக் குழப்பும். ஒப்பந்தத்திலேயே உறுதி செய்யப்பட்ட போனஸ், அது நமக்கு உரியதான ஆண்டின் வருமானம். நிறுவனம் தன் விருப்பத்தின்பேரில் தரும் போனஸ், தரப்பட்ட ஆண்டின் வருமானம். 2025இல் செய்த வேலைக்காகப் பழைய நிறுவனம் மனமிரங்கி 2026 மார்ச்சில் ஒரு தொகையை அனுப்பினால், அது 2026இன் வருமானமாக 2027 மதிப்பீட்டு ஆண்டில் வரும். அடுத்த ஆண்டும் பழைய நிறுவனத்தின் பெயர் போர்ட்டலில் தெரிந்தால் திடுக்கிட வேண்டாம். அது இதுவாகவே இருக்கும்.

மைத்துனருடைய நிலைமை வேறு. கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது முறைதான்; சொல்லப்போனால் நிறுவனம் அப்படிச் செய்யாவிட்டால்தான் அது தவறு. சிங்கப்பூர்க் குடிமகன் அல்லாத ஊழியர் வேலையிலிருந்து விலகும்போதும், வெளிநாட்டுப் பணிக்குப் போகும்போதும், மூன்று மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போகும்போதும், முதலாளி ஐ.ஆர்.21 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து அவருடைய வரிக் கணக்கை முடித்தாக வேண்டும். அலுவலகங்களில் இதை ‘டாக்ஸ் கிளியரன்ஸ்’ என்பார்கள். விலகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தாக்கல் செய்ய வேண்டும். ஊழியர் விலகப்போவது தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சேர வேண்டிய எல்லாப் பணத்தையும், சம்பளம், மிகைநேரப் படி, விடுப்புப் பணம், வேறு படிகள் எதுவானாலும், நிறுத்தி வைக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. தவறினால் ஊழியர் விட்டுச்சென்ற வரி முதலாளியின் தலையில் விழும்.

‘நான் நாட்டைவிட்டுப் போகவில்லையே, ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து சாங்கி பிஸினஸ் பார்க்குக்குத்தானே போகிறேன்’ என்று மைத்துனர் கேட்பது நியாயம்தான். ஆனாலும் வேலை அனுமதியில் இருப்பவருக்கு உள்ளூரிலேயே வேலை மாறினாலும் இது பொருந்தும். நிரந்தரவாசிக்கு, நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகாதவரை, இது தேவையில்லை. அதனால்தான் கேள்வி கேட்டவருக்குக் கடைசிச் சம்பளம் உரிய நாளில் வந்தது, மைத்துனருக்கு வரவில்லை. நிறுவனம் அவரிடம் மட்டும் கெடுபிடி காட்டவில்லை.

பணம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் நடைமுறைக் கவலை. ஆணையம் படிவத்தைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள், அல்லது பணத்தை விடுவிக்கலாம் என்று ஆணையம் தெரிவிக்கும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைக்கும்தான். மின்னியல் முறையில் தாக்கல் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆகவே மைத்துனர் ‘சம்பளம் எப்போது?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, ‘ஐ.ஆர்.21 தாக்கல் செய்த தேதி என்ன?’ என்று கேட்பது பயன் தரும். தாக்கலே செய்யாமல் பணத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. தேதி தெரிந்துவிட்டால் 30 நாளை அவரே எண்ணிக்கொள்ளலாம். வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். நிறுத்தி வைத்த பணம் வரிக்குப் போதாவிட்டால் மீதியை அவர் நேரடியாகக் கட்ட வேண்டும். மாதத் தவணையில் கட்டிக்கொண்டிருந்தார் என்றால், மீதித் தவணைகளையும் இப்போதே முடிக்கச் சொல்லுவார்கள். ஒரு மாதச் சம்பளம் முழுவதும் அதில் போய்விடலாம். விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஒன்றரை மாத வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் வழி செய்துகொள்ளும்படி, வேலை அனுமதியில் இருக்கும் எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த ஆண்டு அவருக்கு இன்னொரு சந்தேகம் வரும்: முன்பே கட்டிவிட்டோமே, மறுபடியும் எதற்கு? பழைய நிறுவனத்தின் வருமானத்துக்கு மட்டும்தான் இப்போது கணக்கு முடிகிறது. அதே ஆண்டின் மிச்ச மாதங்களுக்குப் புதிய நிறுவனம் தகவல் அனுப்பும். இரண்டும் சேர்ந்த தொகைக்கு வரி கணக்கிட்டு, முன்பு கட்டியதைக் கழித்துக்கொள்வார்கள். நமது வரி படிப்படியாக ஏறும் விகிதம் கொண்டது என்பதால், பிந்திய மாதங்களின் வருமானம் மேல்படியில் போய் உட்காரும். மிச்ச மாதங்களுக்கு இவ்வளவா என்று தோன்றும். அறிவிப்பு வந்ததும் முன்பு கட்டிய தொகை அதில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அவரிடம் நிறுவனப் பங்குகளை வாங்கும் உரிமை ஏதாவது இருந்தால், அதைப் பயன்படுத்தாவிட்டாலும் விலகுவதற்கு ஒரு மாதம் முன்பு பயன்படுத்தியதாகக் கருதி வரி போடும் விதி ஒன்று உண்டு. விலகும் நிறுவனத்திடம் அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் கேள்வி கேட்டவரிடம் வருகிறேன். மின்னியல் முறையில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. கணக்கு தாக்கல் செய்யத் தேவையில்லை என்று சிலருக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ வரும். எல்லா விவரமும் தானாக வந்து சேர்ந்துவிட்டவர்களுக்கான வசதி அது. ஒரே நிறுவனத்தில் ஆண்டு முழுவதும் இருந்தவருக்கு அது உண்மையிலேயே வசதி; இடையில் மாறியவருக்குப் பொறி. அந்தக் கடிதம் வந்தாலும், ஒரு நிறுவனத்தின் வருமானம் விட்டுப்போயிருந்தால் உள்ளே போய்ச் சேர்த்தே ஆக வேண்டும். வரி மதிப்பீட்டு அறிவிப்பு ஏப்ரல் இறுதியிலிருந்து வரத் தொடங்கும். அதில் பிழை இருந்தால் அறிவிப்பின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் தெரிவித்துவிட்டோம் என்பதற்காகப் பணம் கட்டாமல் இருக்கக்கூடாது. குறித்த காலத்துக்குள் கட்டிவிட வேண்டும், கணக்கு திருத்தப்பட்டால் மிகையானது திரும்ப வரும். காலம் தவறினால் 5 விழுக்காடு தண்டம் உடனே ஏறும். பிறகும் கட்டாவிட்டால் மாதம் ஒரு விழுக்காடு வீதம் 12 விழுக்காடு வரை சேரும்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியும் ஜைரோ வழியாகக் கட்டினால் வட்டியில்லாமல் அதிகபட்சம் பன்னிரண்டு மாதத் தவணையாகக் கட்டலாம். இதில் வேலை மாறுகிறவர்களுக்கென்றே ஓர் இடர் இருக்கிறது. என் சொந்த அனுபவம் என்பதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை மாறியபோது, புதிய நிறுவனம் சம்பளம் போடும் வங்கியிலேயே எனக்கும் கணக்கு இருந்தால் வசதி என்று நினைத்து, பழைய கணக்கில் இருந்த பணத்தையெல்லாம் அங்கே மாற்றிவிட்டேன். வரித் தவணை பழைய கணக்கிலிருந்து மாதந்தோறும் 6ஆம் தேதி போய்க்கொண்டிருந்தது நினைவுக்கு வரவில்லை. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிய கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. இருபது ஆண்டு சம்பளக் கணக்குப் பார்த்த எனக்கே இப்படி! சம்பளக் கணக்கை மாற்றினால் ஜைரோவையும் மாற்றுங்கள். மாற்றம் உறுதியாகும்வரை பழைய கணக்கில் இரண்டு தவணைக்கான பணத்தை விட்டு வையுங்கள்.

கழிவுகளைப் பற்றிச் சுருக்கமாக இரண்டு சொல்கிறேன். வேலை மாறுவதற்காகப் படித்த படிப்பின் கட்டணத்துக்கு முன்பு 5,500 வெள்ளி வரை கழிவு இருந்தது. 2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது, தேட வேண்டாம். தஞ்சாவூரிலோ மதுரையிலோ இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாலும் பெற்றோருக்கான கழிவை இங்கே கேட்க முடியாது; அவர்கள் சிங்கப்பூரில் வாழ வேண்டும் என்பது நிபந்தனை. வருத்தமான விதிதான். ஆனாலும் அதை நிரப்பிவிட்டுப் பின்னால் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இப்போது அவர் செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். தொலைபேசியில் கேட்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். முழுப்பெயர், இப்போதைய அடையாள எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை எழுதி, ‘2025 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எனக்கு அளித்த சம்பளம், விடுப்புப் பணம், முன்னறிவிப்புக்குப் பதிலான பணம், மத்திய சேம நிதிப் பிடித்தம் ஆகியவற்றின் விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பிவிட்டீர்களா, எந்த எண்ணில் அனுப்பினீர்கள், அனுப்பவில்லை என்றால் ஐ.ஆர்.8ஏ படிவத்தை ஏப்ரல் 7ஆம் தேதிக்குள் தர இயலுமா’ என்று கேட்டால் போதும். ஏப்ரல் 7 என்று நான் சொல்வதற்குக் காரணம், பதில் வராவிட்டாலும் சம்பளச் சீட்டுகளை வைத்துத் தானே கணக்கு எழுதி 18ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய அவருக்குப் பத்து நாள் கையில் இருக்கும். அந்த மின்னஞ்சலையும், எட்டுச் சம்பளச் சீட்டுகளையும், விலகல் கடிதத்தையும் ஒரே கோப்பில் போட்டு ஐந்து ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும். ஆணையம் அதுவரை ஆதாரம் கேட்கலாம்.